மறு: அறைத்தோழி காரணமில்லாமல் மன்னிப்புக் கேட்கிறார் (டெல் அவீவ்)

சண்டையே போடாத அறைத்தோழி திடீரென்று வந்து மன்னிப்புக் கேட்டால் குழப்பமாகத்தான் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. நாளை மாலை யோம் கிப்பூர், அதாவது யூதர்கள் நோன்பிருந்து பாவமன்னிப்பு வேண்டும் நாள், தொடங்குகிறது. அந்த நாள் கடவுளுக்குச் செய்த பிழையைத்தான் போக்கும். சக மனிதருக்குச் செய்தது, அவர் மனத்தை ஆற்றாமல் தீராது என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. அதனால்தான் முன்கூட்டியே எல்லாரிடமும் கேட்டுவிடுகிறார்கள்.

"அதெல்லாம் எதற்கு" என்று மழுப்பாதீர்கள். "மன்னித்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், நீங்களும் கேளுங்கள். கூடவே "க்மார் ஹதிமா தோவா" என்று ஹீப்ருவில் வாழ்த்தினால் மகிழ்ந்துபோவார். வரும் ஆண்டுக்கான கடவுளின் ஏட்டில் உங்கள் பெயர் நல்லபடியாக முத்திரையிடப்படட்டும் என்று பொருள்.

அன்று நீங்கள் வீட்டில் சமைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தடையில்லை. ஆனால் சுமார் 25 மணி நேரம் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவரின் மூக்குக்கு நேரே கடுகு தாளிப்பது கொஞ்சம் கொடுமை! தயிர்சாதம் போதும். பாலும் ரொட்டியும் நாளை காலையிலேயே வாங்கிவிடுங்கள். பிறகு கடை, பஸ், ரயில் எதுவும் இருக்காது, விமான நிலையம்கூட மூடிவிடும்.

அவர் வெள்ளை உடையும் துணிக் காலணியும் அணிந்து கிளம்பினால் வியக்காதீர்கள், அன்று தோல் செருப்பு கூடாது. இரவு நீங்களும் தெருவில் இறங்கிப் பாருங்கள். கார்கள் சீறும் அயலோன் நெடுஞ்சாலையில் சிறுவர்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் இருட்டியதும் ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பு, நோன்பு முடிந்ததென்று நீளமாக ஒருமுறை ஒலிக்கும். அதற்குப் பிறகு தாராளமாகத் தாளியுங்கள், அவருக்கும் ஒரு தட்டு வையுங்கள்.