ரிசர்வ் வங்கி அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள், முதலில் பங்கை ஒதுக்குங்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை தயாரிக்கும் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறேன். சிங்கப்பூர் குடிமகனான என் சித்தப்பா மகன் பங்கு வாங்க 40 லட்சம் ரூபாய் அனுப்பினார். சிறப்புத் தீர்மானம், ஆஃபர் லெட்டர் எல்லாம் முன்பே முடிந்துவிட்டன. தனிக் கணக்கில் பணம் வந்து 48 நாளாகிறது. ரிசர்வ் வங்கி 'கிளியரன்ஸ்' வராமல் பங்கு கொடுக்கக் கூடாது, அதற்கு ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார் கன்சல்டன்ட். காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. பின்னலாடைத் தயாரிப்பில் 100 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு முன் அனுமதி தேவையில்லை. நீங்கள் ரிசர்வ் வங்கிக்குத் தகவல்தான் தர வேண்டும், அதுவும் பங்கை ஒதுக்கிய பிறகு. கன்சல்டன்ட் வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார். 'கிளியரன்ஸ்' என்று அவர் சொல்லும் சரக்கே கிடையாது.

பணம் கணக்கில் ஏறிய நாளிலிருந்து 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஞாயிறு, பண்டிகை எல்லாம் கணக்கில் சேரும். உங்களுக்கு மீதி 12 நாள். போர்டு மீட்டிங்குக்கு 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் நோட்டீஸ் இன்றே போக வேண்டும். 60 நாள் தாண்டினால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். அதுவும் தவறினால் கம்பெனிச் சட்டப்படி 12 சதவீத வட்டி, ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) மீறல் இரண்டும் உங்கள் தலையில்தான் விழும்.

ஒதுக்கும் முன் மதிப்பீட்டுச் சான்றிதழைப் பாருங்கள். கம்பெனிச் சட்டத்துக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, ஃபெமாவுக்கு சி.ஏ. அல்லது மெர்ச்சன்ட் பேங்கர் தரும் சான்றிதழ் என இரண்டு வேண்டும். ஒன்றே போதும் என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. சான்றிதழில் உள்ள மதிப்புக்குக் கீழே பங்கு விலை இருக்கக் கூடாது.

ஒதுக்கிய 15 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் பங்கு ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பி.ஏ.எஸ்-3 படிவம். அதுவரை அந்தப் பணத்தில் ஒரு ஊசிகூட வாங்கக் கூடாது. ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் ஃபிர்ம்ஸ் இணையதளத்தில், வெளிநாட்டவருக்குப் பங்கு கொடுத்ததைத் தெரிவிக்கும் எஃப்.சி-ஜி.பி.ஆர். படிவம். இதற்குக் கட்டணம் கிடையாது.

தாமதம் பெரும்பாலும் வங்கியில்தான். பணம் அனுப்பிய சிங்கப்பூர் வங்கி தரவேண்டிய கே.ஒய்.சி. அறிக்கையையும் பணம் வந்ததற்கான ஃபிர்க் சான்றையும் உங்கள் கிளையில் இன்றே எழுத்தில் கேளுங்கள். கிளையில் கேட்டால் ஃபாரெக்ஸ் பிரிவைக் கைகாட்டுவார்கள், அவர்கள் கிளையைக் கைகாட்டுவார்கள். படிவத்தை 5 வேலை நாளில் சரிபார்க்க வேண்டிய அதே வங்கி, காகிதம் தர வாரக்கணக்கில் இழுக்கும். இன்னொன்று, பணம் தம்பி பெயரிலுள்ள கணக்கிலிருந்துதான் வந்ததா? மனைவி கணக்கிலிருந்தோ அவருடைய கம்பெனிக் கணக்கிலிருந்தோ வந்திருந்தால் படிவம் திரும்பி வரலாம்.

எஃப்.சி-ஜி.பி.ஆர். படிவம் தாமதமானாலும் நடுங்க வேண்டாம். தாமதக் கட்டணம் 7,500 ரூபாயோடு, தொகையில் ஆண்டுக்கு 0.025 சதவீதம். உங்கள் 40 லட்சத்துக்கு ஆறு மாதத் தாமதம் என்றால் 8,000 ரூபாய். கன்சல்டன்ட் கேட்பது ஒன்றரை லட்சம்! ஆனால் 60 நாள் கெடுவைத் தவறவிட்டால் இந்தக் கட்டணம் அதைச் சரிசெய்யாது.

'தம்பி ஓ.சி.ஐ. கார்டு வைத்திருந்தால் படிவமே வேண்டாம்' என்று அடுத்து ஒருவர் கிளம்புவார். பாதி உண்மை. ஓ.சி.ஐ. என்பது இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர், முதலீட்டுப் பணத்தைத் திரும்ப எடுத்துச்செல்லாத அடிப்படையில் போட்டால் அது உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும். எஃப்.சி-ஜி.பி.ஆர். இல்லை, ஃபெமா விலை விதியும் இல்லை. ஆனால் தமிழர் என்பதோ இங்கே பிறந்தவர் என்பதோ போதாது, கார்டு வேண்டும். அந்த அடிப்படை ஆஃபர் லெட்டரிலும் விண்ணப்பத்திலும் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கெடு நெருங்கியதும் பழைய தேதி போட்டுக் காகிதத்தை மாற்றுவது மோசடி. இப்படி வாங்கிய பங்கை நாளை விற்றால் பணம் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) போகும். அங்கிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்புக்குள், வரி கட்டியபின் வெளியே அனுப்பலாம். தம்பிக்கு இது தெரியாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

பங்கு கொடுத்த பிறகு ஆண்டுதோறும் ஜூலை 15-க்குள் அந்நிய முதலீட்டு விவரத்தை ரிசர்வ் வங்கிக்குத் தரும் எஃப்.எல்.ஏ. அறிக்கை உண்டு, ஆடிட்டரிடம் சொல்லி வையுங்கள். கன்சல்டன்டின் கணக்கை முடிக்கும் முன், ஃபிர்ம்ஸ் தளத்தில் உங்கள் நிறுவனம் யாருடைய மின்னஞ்சலில், யாருடைய கைபேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அவருடையதாக இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றித் தந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.