இரண்டு சிறு பிள்ளைகளோடு கேம்பிங் போக சின்ன ஆஃப்-ரோடு கேரவன் வாங்கலாமா?

கேட்டவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். டொயோட்டா ப்ராடோ கார், டென்ட் அடித்து அலுத்துப்போன மனைவி, பள்ளி போகும் பிள்ளைகள் இருவர். எங்கள் வீட்டு நிலவரமும் இதேதான். அடிலெய்டில் இருக்கிறோம், 13 அடி கேரவன் ஒன்றை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு, மண்ரோட்டுக்கும் தாங்குகிற ரகம்) மூன்று வருடமாக இழுத்துத் திரிகிறோம்.

வாங்கலாம். ஆனால் படுக்கை எத்தனை, ஃப்ரிட்ஜ் எவ்வளவு பெரிசு என்று பார்க்கும் முன் கேரவனில் அடித்திருக்கும் எடைத் தகட்டைத் தேடிப் படியுங்கள். டேர் என்று ஒரு எண்ணும் ஏடிஎம் என்று ஒரு எண்ணும் இருக்கும். (பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை. அதற்கும் இதில் நிறைய வேலை உண்டு.) காலிக் கேரவனின் எடை டேர். சாமான் ஏற்றிய பிறகு சட்டப்படி தாண்டக்கூடாத எடை ஏடிஎம். எங்களுடையது டேர் 1,650 கிலோ, ஏடிஎம் 2,200 கிலோ. ஆக 550 கிலோ ஏற்றலாம். கேட்கும்போது ஏகப்பட்டது மாதிரி இருக்கும். இரண்டு தொட்டியிலும் தண்ணீர் நிரப்பினால் 160 லிட்டர், அதிலேயே 160 கிலோ போயிற்று. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு வைத்தால், இரும்போடு சேர்த்து 35 கிலோ. அப்புறம் வாங்கியபின் மாட்டிய கூடுதல் பேட்டரி, நாற்காலிகள், துணிமணி, அரிசி, இரும்புத் தோசைக்கல். முதல் பயணத்துக்கு முன் பொது எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் 2,240 காட்டியது. பிள்ளைகளின் சைக்கிள்களையும் நான் ஆசையாக வாங்கிய மடக்கு மேஜையையும் வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்பினோம். மூத்தவள் வழியில் வரும் ஹாக்கர் ஊர் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

இன்னொன்று, காரின் கொக்கியில் விழும் எடை. பொதுவாகக் கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். எங்களுக்கு 200 கிலோ. அது கார் சுமக்கும் எடைக் கணக்கில் சேர்ந்துவிடும், டிக்கியில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி. இந்தக் கார் 3,000 கிலோ இழுக்கும் என்ற ஒரு வரியை நம்பிப் பெரிய கேரவன் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சின்னது வாங்கச் சொல்வதற்கு எனக்குள்ள முதல் காரணமும் இதுதான். டீசல் அடுத்த காரணம். தனியாக ஓடும்போது நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும் வண்டி, இதை இழுக்கும்போது 15 குடிக்கிறது.

அடுத்தது புழுதி. விற்கிறவர் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அடிலெய்டுக்கு வடக்கே ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் போனபோது, பிளின்மன் ஊரிலிருந்து பராச்சில்னா ஊருக்கு மண்ரோட்டில் இறங்கினோம். தகரக் கூரையைப் படுக்கப்போட்டது போல வரிவரியாக இருக்கும் ரோடு. காரில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஆட்டம் பெரிதாகத் தெரியவில்லை. கீழே போய்க் கேரவனைத் திறந்தால், ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி மாவு டப்பாவின் மூடி கழன்று, மாவு காய்கறிக்கூடை வரை வழிந்திருந்தது. பக்கவாட்டில் இழுக்கும் அடுப்படிக்குள் சிவப்புப் புழுதி. சாம்பார்ப் பொடி டப்பாவும் வாய் பிளந்து கிடந்தது. இரண்டும் ஒரே நிறம், எது எது என்று மோந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அலமாரிக் கதவில் இரண்டு ஸ்க்ரூ காணாமல் போயிருந்தது.

தப்பு பாதி எங்களுடையது. டயரில் காற்றைக் குறைக்கவே இல்லை. இப்போது மண்ரோடு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, காருக்கும் கேரவனுக்கும் 38-லிருந்து 28 பிஎஸ்ஐ-க்கு இறக்குகிறேன், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. தார்ரோடு வந்ததும் திரும்ப அடிக்கச் சின்ன கம்ப்ரசர் ஒன்று கூடவே இருக்கிறது. கூரையின் முன்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் உள்ளே காற்று அழுத்தம் ஏறி, பின்பக்க இடுக்கு வழியாகப் புழுதி நுழைவது குறைகிறது. கதவு ரப்பரை மட்டும் கடைக்காரர் "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார். ஆகவில்லை, நானே மாற்றினேன்.

ஆஃப்-ரோடு ஸ்டிக்கரை நம்பாமல் குனிந்து அடியில் பாருங்கள். இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற சஸ்பென்ஷனா, தண்ணீர்க் குழாய்க்குக் கல்லடி படாமல் மறைப்பு இருக்கிறதா, கொக்கி எல்லாப் பக்கமும் திரும்புமா. இது போதும்.

ரிவர்ஸ் எடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து, கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். என் மனைவி பின்னால் நின்று பஸ் கண்டக்டர் மாதிரி "வா வா வா" என்று தட்டுவாள். ஒரு தடவை அந்த "வா"வில் சின்ன மரம் ஒன்றும் அடக்கம்.

இவ்வளவும் பட்டு ஏன் போகிறோம்? கேரவன் சின்னதாக இருப்பதால் பகல் முழுக்க வெளியேதான். அடுப்பும் வெளியே. அதே மலையிலுள்ள பிராச்சினா பள்ளத்தாக்கில் மாலை தோசை ஊற்றும்போது எதிர்ப் பாறையில் மஞ்சள் கால் வாலபி (குட்டிக் கங்காரு மாதிரி இருக்கும்) உட்கார்ந்திருந்தது. அங்கே ஓடைக்கரையில் ஒரு வட்டத் தகடு பதித்திருக்கிறார்கள். பூமியின் காலக்கணக்கில் எடியாகரன் காலம் தொடங்கும் அடுக்கை 2004-இல் அந்த இடத்தில்தான் குறித்தார்கள், சுமார் 63.5 கோடி வருடத்துக்கு முந்தைய பாறை. சின்னவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். ஓடையோரம் நிழலாக இருக்கிறதே என்று ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தடியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள், காற்றே இல்லாமல் கிளை முறிந்து விழும். வெயில் காலத்தில் அந்தப் பக்கம் வேண்டாம். சூடு ஒரு பக்கம், தீத் தடை நாளில் வெளியே அடுப்பு மூட்டும் சிக்கல் இன்னொரு பக்கம்.

வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள், மழை வருகிற வாரமாக இருந்தால் ரொம்ப நல்லது. எங்களுக்கு ஒரு தடவை மழையில் மண்ரோட்டை மூடிவிட்டார்கள், மூடிய ரோட்டில் போனால் அபராதம். ஒன்றரை நாள் நான்கு பேரும் உள்ளே. இருவர் நிற்க வேண்டுமானால் மற்ற இருவர் படுக்கையில் ஏறிக்கொள்ள வேண்டும். தாயக்கட்டை உருட்ட இடமில்லாமல் தட்டில் போட்டு உருட்டினோம், மூத்தவள் ஒன்பது ஆட்டம் ஜெயித்தாள்.