வலைப்பந்துச் செய்தியில் ஆட்டம் எங்கே?

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு செய்தித்தளத்துக்கு விளையாட்டுச் செய்தி எழுதுகிறேன். வலயமட்டப் பெண்கள் வலைப்பந்து இறுதிப் போட்டிக்கு ‘பட்டாம்பூச்சிகளாய்ப் பறந்த பாவையர்’ என்று தலைப்பிட்டுப் பாராட்டித்தான் எழுதினேன். பயிற்றுவித்த ரீச்சர் போன் எடுத்து, “புள்ளயள்ர ஆட்டத்தக் காணல்லயே தம்பி” என்று வருத்தப்பட்டார். நான் விட்ட பிழை என்ன?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய வலைப்பந்துச் செய்தியையும், அதே வாரம் எழுதிய ஆண்கள் உதைபந்தாட்டச் செய்தியையும் ஒன்றாக வைத்து வாசித்தேன். உதைபந்தில் 28ஆவது நிமிடம், இடப்பக்கத்திலிருந்து வந்த பாஸ், கோல்காப்பாளர் தவறவிட்ட பந்து என்று எல்லாம் இருக்கிறது. வலைப்பந்தில் பாவையர், புன்னகை, கண்ணீர், பெற்றோரின் தியாகம். 24–21 என்ற முடிவு கடைசி வரியில்தான் வருகிறது. யார் எத்தனை கோல் போட்டார் என்று எங்கும் இல்லை. ரீச்சரின் வருத்தம் நியாயமானது.

இது உங்கள் ஒருவரின் பழக்கம் இல்லை. 2018 இல் உலகின் சிறந்த உதைபந்தாட்டக்காரருக்குக் கொடுக்கும் பலோன் டோர் விருதில், பெண்களுக்கான முதலாவதை வாங்க மேடையேறிய ஆடா ஹெகர்பெர்க்கிடம், இடுப்பை ஆட்டி நடனமாடத் தெரியுமா என்று கேட்டார்கள். ரியோ ஒலிம்பிக்கில் கோரி கொக்டெல் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்றபோது, அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அவரை ஓர் ‘அமெரிக்கன் ஃபுட்போல்’ ஆட்டக்காரரின் மனைவி என்றுதான் அறிமுகப்படுத்தியது. இப்படியானவை உடனே கண்ணில் படும். கண்ணில் படாத வகையும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்திகளை 1989 முதல் ஆராய்ந்து வந்தவர்கள், 2019 இல் பெண்கள் விளையாட்டுக்குக் கிடைத்த நேரம் 5.4 சதவீதம்தான் என்று கண்டார்கள். கொச்சையான பேச்சு காலப்போக்கில் குறைந்திருந்தது. ஆனால் ஆண்களின் ஆட்டத்தைச் சொல்லும்போது குரலில் இருந்த சூடு பெண்களின் ஆட்டத்துக்கு வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. அலங்காரச் சொற்களை வெட்டியெறிவது லேசு. ஆட்டத்தைப் பார்த்து எழுதத்தான் உழைப்பு வேண்டும்.

உங்கள் குறிப்பேட்டின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. மூன்றாம் காற்பகுதி முடிவில் 14–17 என்று ஒரு மூலையில் கிறுக்கியிருக்கிறீர்கள். பக்கத்தில் ‘ஜி.டி. 3 பந்து’. ஜி.டி. என்றால் கோல் டிஃபென்ஸ், எதிரணி கோல் போடாமல் தடுக்கும் இடங்களில் ஒன்று. செய்தி அங்கேதான் இருக்கிறது! இப்படி எழுதியிருக்கலாம்: “மூன்று கோல்கள் பின்தங்கியிருந்த அணி, கடைசிக் காற்பகுதியில் ஜி.டி. இடத்தில் ஆடியவர் அடுத்தடுத்து மூன்று பந்துகளை இடைமறித்ததும் ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்பியது.” வலைப்பந்தில் ஓர் அணியில் கோல் போட முடிந்தவர்கள் இரண்டே பேர், பந்தைக் கையில் வைத்திருக்க மூன்று செக்கன்தான். அதற்குள் எதிரணியின் பாஸைக் கணித்துக் கைநீட்டுவது எவ்வளவு பெரிய வித்தை! அந்தப் பிள்ளையின் பெயர் உங்கள் செய்தியில் இல்லை.

அப்படியென்றால் உடலைப் பற்றியே எழுதக்கூடாதா? எழுதலாம், அது ஆட்டத்தோடு சேர்ந்து வந்தால். யாழ்ப்பாணத்தின் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிய பல செய்திகள் அவருடைய உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே நின்றுவிடும். 2018 இல் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது அவர் அணியில் இருந்தார். இரண்டு தடுப்பாளர்கள் நெருக்க, தலைக்கு மேலே வரும் பந்தை எட்டிப் பிடித்து நிதானமாக வளையத்தில் போடுவதை எழுதினால் உயரமும் தானாக உள்ளே வந்துவிடும்.

அப்புறம் மொழி. உங்கள் செய்தியில் பையன் ‘அடித்தார்’, பிள்ளை ‘போட்டாள்’. இருவருக்கும் ‘ஆர்’ விகுதியே போடுங்கள். ‘மகளிர் அணி’ என்று எழுதினால் மற்றதை ‘ஆண்கள் அணி’ என்று எழுதுங்கள். ‘ஆள்’ என்றாலே ஆண் என்று எண்ணிவிடவும் கூடாது. ரியோவில் ஒலிம்பிக் டென்னிஸில் இரண்டு தங்கம் வென்ற முதல் ஆள் நீங்கள்தான் என்று ஒரு அறிவிப்பாளர் அன்டி மரேயிடம் சொன்னபோது, வில்லியம்ஸ் சகோதரிகள் வீனஸும் செரீனாவும் ஆளுக்கு நான்கு வென்றிருக்கிறார்களே என்று அவர் அந்த இடத்திலேயே திருத்தினார்.

படம் எடுக்கும்போது பந்தும் முகமும் தெரியட்டும். எல்லாரும் பாடசாலைப் பிள்ளைகள், அதனால் ரீச்சரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ, வேறெங்கேயோ, ஒரு குடும்பம் படம் வேண்டாம் என்றால் விடுங்கள். பெயரும் கோல் கணக்கும் போடச் சம்மதமா என்று கேளுங்கள்.

ரீச்சரிடம் புள்ளித்தாள் இருக்கும். இந்த வாரமே போய் வாங்கி, அந்த ஜி.டி. பிள்ளையிடம் மூன்று பந்துகளையும் எப்படிக் கணித்தார் என்று கேட்டு, செய்தியைத் திரும்ப எழுதிப் போடுங்கள்.