பால் அடிப்பிடிச்சது அம்மாவுக்கு ஏன் தெரியல?

கேள்வி: வயசு 37, கோயம்புத்தூர்ல ஐடி வேலை, சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். சின்ன வயசுல பாகற்காய பாத்தாலே தட்டை தள்ளிவிட்டு ஓடுவேன், இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் நானே கேட்டு சாப்பிடறேன். ஆனா அப்ப உயிரா இருந்த அம்மாவோட புளிக்குழம்ப இப்ப வாய்ல வைக்க முடியல, ஒரே உப்பு, ஒரே புளி. அம்மாவுக்கு 68 வயசு. தீபாவளிக்கு போனப்போ அடுப்புல பால் அடிப்பிடிச்சு வீடு பூரா வாடை, அம்மா பக்கத்துலயே நின்னு பேசிட்டு இருக்காங்க, நான்தான் ஹால்ல இருந்து ஓடிப்போய் ஆஃப் பண்ணேன். பிபி இருக்கற அப்பா ஒண்ணும் சொல்லாம மோரை ஊத்தி சாப்பிட்டு எந்திரிச்சிடறாரு. வெளிச்சாப்பாட்டுல என் நாக்கு கெட்டுப்போச்சா? அம்மா மனசு நோகாம சமையலுக்கு ஒரு ஆள் போட்டுடலாமா? பொங்கலுக்கு போறப்ப பேசலாம்னு இருக்கேன்.

பதில்: தம்பி, உங்க நாக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த பால் அடிப்பிடிச்ச வரிய மறுபடி படிங்க. ஹால்ல உக்காந்திருந்த உங்களுக்கு வந்த வாடை அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்ன அம்மாவுக்கு வரல. இத போற போக்குல எழுதிட்டு அடுத்த வரியே உங்க நாக்குக்கு போயிட்டீங்க. கோவம் வருதுப்பா எனக்கு.

நாக்கு தனியா கண்டுபிடிக்கறது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமினு சொல்ற அந்த காளான், கறிச்சாறு ருசி, அவ்வளவுதான். பெருங்காயம், வெந்தயம், தாளிச்ச கறிவேப்பிலை இதெல்லாம் வாய்க்குள்ள இருந்து பின்பக்கமா மூக்குக்கு ஏறுற வாசனை. நம்பலன்னா மூக்க இறுக்க பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் ரசம் குடிங்க, புளியும் உப்பும் மிளகு எரிச்சலும் கலந்த சுடுதண்ணிதான் இருக்கும். வயசானா நாக்கைவிட அதிகமா மங்குறது இந்த மூக்குதான், அறுபதுக்கு மேல நிறைய பேருக்கு இது இருக்கு, கொரோனாவுல போன வாசனை சிலருக்கு இன்னும் முழுசா திரும்பல. உங்க அம்மாவுக்கு குழம்பு சப்புன்னு இருக்கு, அதனால நாக்குக்கு எட்டுற ரெண்டையும், உப்பையும் புளியையும், அள்ளி அள்ளி போடறாங்க. கைப்பக்குவம் எங்கயும் போகல.

எங்க மாமியாரும் இப்படித்தான். ஒரு வருஷம் முழுக்க சாம்பார்ல உப்பு கரிச்சுது, என்மேல இருக்கற கடுப்புல வேணும்னே போடறாங்கன்னு நான் நாத்தனார்கிட்ட போன்ல மூக்கால அழுதிருக்கேன். ஒருநாள் பெருங்காய டப்பாவ தொறந்து மூக்குகிட்ட வச்சு, அத மூடிட்டு, திரும்ப தொறந்து, "என்னடி இது, கடைக்காரன் ஏமாத்திட்டானா, வாசனையே இல்ல"ன்னாங்க. எனக்கு ரெண்டடி தள்ளி நின்னே தும்மல் வந்துச்சு. அன்னிக்குத்தான் புரிஞ்சுது, இன்னிக்கும் நெனச்சா வெக்கமா இருக்கு.

இதுல உப்பைவிட பெரிய பயம் ஒண்ணு இருக்கு. காஸுக்கு சொந்தமா வாசனை கிடையாது, லீக் ஆனா தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டன்னு ஒரு நாத்தம் கலக்கறாங்க. பால் தீஞ்சதே தெரியாதவங்களுக்கு அது தெரியுமா? தினமும் காலைல அஞ்சு மணிக்கு லைட்டர அமுக்கறது யாரு, நீங்களா? மொதல்ல ஒரு காஸ் அலாரம் வாங்குங்க, சமையல் காஸ் காத்தவிட கனம், கீழயே தேங்கும், அதனால அலாரத்த தரைக்கு கிட்ட மாட்டுங்க. ரப்பர் ட்யூப் மேல தேதி போட்டிருக்கும், அதையும் பாருங்க.

அப்புறம் ஈஎன்டி டாக்டர். மூக்குல சதை, சைனஸ்னா வைத்தியம் இருக்கு. சில மாத்திரையும் வாய் ருசிய கெடுக்கும், சுகருக்கு போடற மெட்ஃபார்மின்ல சிலருக்கு வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்கும், அதனால மாத்திரை சீட்டெல்லாம் எடுத்துட்டு போங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. சில நேரம் நரம்பு, ஞாபகம் சம்பந்தப்பட்ட வியாதிக்கும் இப்படி வாசனை போறது முன்கூட்டி வர்ற அறிகுறி, அதனால வயசுதானேன்னு விடக்கூடாது. லவங்கம், எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நாலையும் காலைலயும் ராத்திரியும் மோந்து பாக்கற பயிற்சி ஒண்ணு இருக்கு, மூணு மாசம் விடாம செய்யணும், எல்லாருக்கும் பலன் கிடைக்காது, சிலருக்கு கொஞ்சம் தேறும்.

பாகற்காய் கேட்டீங்கல்ல. குழந்தை நாக்குக்கு கசப்பு உறைக்கும், இனிப்பு இழுக்கும். பத்து பதினஞ்சு தடவ தட்டுல வந்தாதான் சில பிள்ளைங்க ஒரு காய ஏத்துக்கும். நீங்க ஓடின ஒவ்வொரு தடவையும் வெல்லம் போட்டு, புளித்தண்ணில வேக வச்சு, சிப்ஸ் மாதிரி வறுத்துன்னு ஒருத்தங்க விடாம வச்சுக்கிட்டே இருந்திருப்பாங்களே, அதுவும் சேந்துதான் இன்னிக்கு நீங்க கேட்டு வாங்கி சாப்பிடறீங்க. உங்க நாக்கு கெடல.

அந்த அம்மாவுக்கு காரணமே சொல்லாம அடுப்படிய பிடுங்கி இன்னொருத்தர் கைல குடுக்கறதா மனசு நோகாம பாத்துக்கறது? நாப்பது வருஷம் ஆண்ட எடம்பா அது. உங்க உப்பு சரியில்லன்னு சொல்லாதீங்க, "உங்களுக்கு வாசனை தெரியலம்மா, டாக்டர்கிட்ட போலாம்"னு நேரா சொல்லுங்க, பெத்த புள்ள சொன்னா அவங்க தாங்குவாங்க. உப்ப கண்ணளவுல போடாம ஸ்பூன் வச்சு அளந்து போடட்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாத்துலயும் சேத்து 5 கிராமுக்கு கீழ, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்றது. பிபிய வச்சுக்கிட்டு அப்பா மோர் ஊத்தி குடிச்சாலும் அத்தனை உப்பும் உள்ளதான் போகுது, இறக்கறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி ருசி பாத்து சொல்ற வேலைய அவர்கிட்ட குடுங்க. நல்லவர்தான், ஆனா இவ்வளவு நாள் வாய மூடிட்டு இருந்ததுக்கு அவருக்கும் ரெண்டு திட்டு இருக்கு.

பொங்கலுக்கா? பொங்கலுக்கு பால் பொங்குறது எல்லாருக்கும் கண்ணாலயே தெரியும். வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுங்க.