கூலன்ட் சென்சாருக்கு இடம் தேடுவோருக்கு: கேள்வியும் பதிலும்

பழைய கார்புரேட்டர் எஞ்சினுக்கு ஃபியூயல் இன்ஜெக்ஷன் மாற்றுபவர்களும், டாஷ்போர்டில் முள் இல்லாத வண்டிக்குத் தனியாக டெம்பரேச்சர் மீட்டர் வைக்க விரும்புபவர்களும் கூலன்ட் சென்சாரை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரை, எங்கே வைப்பது என்று அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, பட்டறையில் கைப்பட்ட அனுபவத்தை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது நான்கு சிலிண்டர் கொண்ட பழைய பெட்ரோல் எஞ்சின். இன்ஜெக்ஷன் மாற்றுவதற்காக வாங்கிய இரண்டு ஒயர் சென்சாரைப் பொருத்த எஞ்சினில் காலியான துளை எதுவும் தென்படவில்லை. எங்கே வைப்பது சரி?

பதில்: துளை எங்கே போட வசதி என்று பார்ப்பதற்கு முன், தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் வால்வு) மூடியிருக்கும்போது உங்கள் எஞ்சினில் தண்ணீர் எந்த வழியாகச் சுற்றுகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். சிலிண்டர் ஹெட்டை விட்டுச் சூடாக வெளியேறும் தண்ணீர், தெர்மோஸ்டாட்டைத் தொடுவதற்கு முன்னால் கடந்து செல்லும் இடமே சென்சாருக்கு உரிய இடம். காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் இசியூ, அதாவது இன்ஜெக்ஷனை இயக்கும் கணினி, எவ்வளவு பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்பதை இந்த சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. சென்சார் தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால், ரேடியேட்டர் பக்கம் இருந்துவிட்டால், எஞ்சின் சூடாகி வந்த பிறகும் அங்கே தேங்கி நிற்கும் தண்ணீர் குளிர்ந்தே இருப்பதால், இசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்கும்; ஸ்பார்க் பிளக் கறுத்துப்போவதற்கு வேறு காரணம் தேடி நீங்கள் அலைவீர்கள்.

காலியான துளை இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் ஹெட்டின் முன்முனையையும் பின்முனையையும் தடவிப் பாருங்கள். ஹீட்டர் இல்லாத வண்டிகளில் ஹீட்டர் ஹோஸுக்கான வாய் பெரும்பாலும் ஒரு பிளக்கால் அடைக்கப்பட்டு, எண்ணெய்ப் பிசுக்குக்குள் மறைந்திருக்கும். அது ஹெட்டிலிருந்து நேராக வரும் வாயாக இருந்தால், அதைக் கழற்றி, லேத் பட்டறையில் சென்சாரைத் திருக ஒரு புஷ் (உள்ளும் புறமும் மரையுள்ள உலோகத் துண்டு) கடைந்து வாங்கினால் வேலை முடிந்தது. ஆனால் புஷ்ஷின் நீளத்தைக் கவனியுங்கள். சென்சாரின் நுனி புஷ்ஷுக்குள்ளேயே ஒளிந்திருந்தால், அது தேங்கிய தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும். நுனி ஓடும் தண்ணீருக்குள் சில மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவே பொருத்தும் அலுமினிய அடாப்டர் கடையில் கிடைக்கிறது. அதை வைத்தால் போதாதா?

பதில்: தெர்மோஸ்டாட் மேல் ஹோஸின் தொடக்கத்தில் இருக்கும் எஞ்சினில் இசியூவுக்காக அதை வைக்காதீர்கள், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், அதாவது தண்ணீர் எஞ்சினுக்குள் நுழையும் வழியில் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் ஹெட்டிலிருந்து தடையில்லாமல் வருவதால், ஹெட்டை ஒட்டியே அடாப்டரைப் பொருத்தினால் பெரிய குறையில்லை. ஹோஸின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். கிளாம்பை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று அளவு தவறிய அடாப்டரை வாங்கியவர்கள் நடுவழியில் தண்ணீர் குடத்தைத் தேடியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அந்த அடாப்டரில்தான் ஒற்றை ஒயர் சென்சாரை மாட்டினேன். முள் அசையவே இல்லை. சென்சார் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒற்றை ஒயர் சென்சார் தன் உலோக உடல் வழியாகத்தான் எர்த் பெறுகிறது. இருபுறமும் ரப்பர் ஹோஸுக்கு நடுவில் தொங்கும் அடாப்டருக்கு எர்த் ஏது? அடாப்டரிலிருந்து எஞ்சினுக்குத் தனி ஒயர் ஒன்று இழுத்துவிடுங்கள். எஞ்சினில் நேராக மாட்டியவர்களும் மரையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் இதே தொல்லை வரக்கூடும். மாட்டிய பிறகு சென்சாரின் அறுகோணத் தலைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: மீட்டருக்கும் இசியூவுக்கும் ஒரே சென்சாரைப் பகிர்ந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இசியூ 5 வோல்ட்டை ஒரு நிலையான மின்தடை வழியாக அனுப்பி, சென்சாரில் விழும் வோல்ட்டேஜை அளக்கிறது; பழைய முள் மீட்டரோ 12 வோல்ட்டைத் தன் சுருள் வழியாக அனுப்புகிறது. இரண்டையும் ஒன்றாக இணைத்தால் இரண்டும் பொய் சொல்லும்.

கேள்வி: தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் புதிதாகத் துளை போட்டு மரை வெட்டலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: ஹவுசிங் அலுமினியமாக இருந்து, தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே எஞ்சின் பக்கத்தில் தடித்த பகுதி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதைக் கழற்றி எடுத்து மேசைமேல் வைத்துத்தான் துளையிட வேண்டும். எஞ்சினில் இருக்கும்போதே துளையிட்டால் அலுமினியத் துருவல் தண்ணீரோடு சேர்ந்து பம்ப் வரை பயணம் போகும். சிலிண்டர் ஹெட்டிலேயே துளையிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். உள்ளே சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

மரை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று, 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) மரையில் 28 சுற்று. கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று நன்றாக ஏறிப் பிறகு இறுகும், இறுகிய பிறகும் கசியும். எம்10 (10 மில்லிமீட்டர் மெட்ரிக்) நுண்மரையும் இவற்றுக்குக் கிட்டத்தட்ட அதே பருமன்தான். ஆகவே சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு, மரை கேஜால் அளந்த பிறகே மரை வெட்டும் டேப் வாங்குங்கள். எம்12×1.5 மரைக்கு 10.5 மில்லிமீட்டர் துளை போடுவது வழக்கம். அந்த நேர் மரையில் கசிவைத் தடுப்பது செம்பு வாஷர். என்பிடியில் கூம்பு மரையே அந்த வேலையைச் செய்வதால், டேப்பை முழு ஆழத்துக்கு இறக்காமல், இடையிடையே சென்சாரைத் திருகிப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் கிணற்று மோட்டார் ஷெட்டில் உள்ள டீசல் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, பம்ப் இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதியே எஞ்சினுக்குள் ஓடி வெளியே கொட்டுகிறது. கொட்டும் குழாயில் சென்சார் வைக்கலாமா?

பதில்: நல்ல கேள்வி. பம்ப் காற்று வாங்கி இறைப்பு நின்றால் முதலில் காலியாவது அந்தக் குழாய்தான். உலோகத்தைச் சூடான தண்ணீர் சுடுவதைப் போல வெறும் காற்று சுடாது. ஆகவே எஞ்சின் கொதிக்கும் நேரத்தில் முள் இறங்கி, எல்லாம் நலம் என்று காட்டும். ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் முழங்கையில், தண்ணீர் வற்றும்போதும் கடைசிவரை நனைந்திருக்கும் தாழ்வான பக்கத்தில் வையுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேலேறிய முள் திடீரென்று விழுந்தால், எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று மகிழாமல், உடனே நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் மாற்றிய மறுநாள் முள் ஆடினால், உள்ளே காற்றுக் குமிழி நிற்கிறது என்று பொருள். வண்டியின் முன்பக்கத்தை மேடாக நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

கேள்வி: என்னுடைய ஏர்கூல்ட் பைக்கில்?

பதில்: கூலன்ட்டே இல்லை. ஆயில் டெம்பரேச்சர் பார்க்கலாம், அல்லது ஸ்பார்க் பிளக்கின் அடியில் வாஷர்போல் அமரும் சென்சாரை வைக்கலாம்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். பொருத்துவதற்கு முன் புதிய சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மின்தடையை அளந்தேன். அட்டவணையில் 100 டிகிரிக்குக் கொடுத்திருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டுகிறது. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். இந்த வகை சென்சாரில் சூடு கூடக் கூட மின்தடை குறையும்; 100 டிகிரியை எட்டாத தண்ணீரில் மின்தடை அட்டவணையைவிடக் கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. தண்ணீரில் ஒரு தெர்மாமீட்டரையும் போட்டு, 40, 60, 80 டிகிரிகளில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சென்சாரின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அளக்க வேண்டும்.