டிரில் பிரஸ்ஸில் மரம், இரும்பு இரண்டையும் துளையிடலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

டிரில் பிரஸ் என்பது தூணில் பொருத்தி நிற்கும் துளையிடும் இயந்திரம்; அதில் இரண்டையும் தாராளமாகத் துளையிடலாம். மரமோ இரும்போ, பொருளைக் கையால் மட்டும் பிடிக்காதீர்கள். வைஸிலோ கிளாம்பிலோ இறுக்குங்கள். துளை மறுபக்கம் திறக்கும் நொடிதான் ஆபத்து. அப்போது பிட்டின் (துளையிடும் அலகின்) விளிம்பு உலோகத்தைக் கொத்திப் பிடித்து, தகட்டையே காற்றாடி போலச் சுழற்றிவிடும். அந்த இடம் வந்ததும் கைப்பிடியின் அழுத்தத்தைக் குறையுங்கள். மெல்லிய தகடு என்றால் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்கித் துளையிடுவது நல்லது. நீளமான துண்டின் ஒரு முனை இயந்திரத் தூணின் இடப்பக்கம் முட்டி நிற்கட்டும். பிட் இழுத்தாலும் தூண் தடுத்துவிடும்.

அடுத்தது வேகம். சாதாரண இரும்பில் 6 மி.மீ. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 சுற்று, 12 மி.மீ.க்கு அதில் பாதி. சென்டர் பஞ்சால் (கூர்முனைக் கம்பியால்) தட்டிக் குழிக்குறியிட்டு, கட்டிங் ஆயில் விட்டுத் துளையிடுங்கள். மரத்தில் சிறிய பிட்டை இதைவிட வேகமாக ஓட்டலாம். மரத்தில் அகலத் துளையிடும் பெரிய ஃபார்ஸ்ட்னர் பிட்டுக்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் மரம் கருகும். அடியில் ஒரு வீண் பலகை வைத்தால் மறுபக்கம் சிம்பு பெயராது.

கையுறை வேண்டவே வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் போடுகிறார்கள்; சுழலும் பிட் அதைப் பற்றினால் விரலும் சேர்ந்து போகும். தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த முடி, மோதிரம் எல்லாமே அப்படித்தான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலை, இயந்திரத்தை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளுங்கள். சுவிட்சைப் போடுமுன், சக் (பிட்டைப் பிடிக்கும் பாகம்) இறுக்கும் சாவி இன்னும் சக்கிலேயே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்; இருந்தால் எடுத்துவிடுங்கள்.