போக்குவரத்துக்குப் புதிய வரி: மாலை மட்டுமே நேரமுள்ளவர்கள் எப்படிக் கருத்துச் சொல்வது?

கேள்வி: எனக்கு 28 வயது. வாடகை வீட்டில் இருக்கிறேன், பேருந்தில்தான் அலுவலகம் போகிறேன். எங்கள் ஊரில் பொதுப் போக்குவரத்துக்காகப் புதிய வரி போடப் போவதாகப் பேச்சு. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால் மூன்று நிமிடம்தான் பேச விடுகிறார்கள். சொந்த வீடு இல்லாத எங்களைப் போன்றவர்கள் சொல்வதை யார் கேட்கப் போகிறார்கள்?

பதில்: அந்தக் கடைசி எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர் வரி கட்டாதவர் அல்ல. சொத்து வரி ஏறினால் அதில் ஒரு பங்காவது வாடகையில் வந்து விடியும். விற்பனை வரியாகப் போட்டால், பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் கட்டுகிறார்கள். வரி கட்டுகிறீர்கள், தினமும் பேருந்திலும் ஏறுகிறீர்கள். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

உண்மையான சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது வரைவு பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, பட்ஜெட் தயாராகும் கட்டத்திலேயே, நிலைக்குழு (வரைவை முதலில் பரிசீலிக்கும் மன்ற உறுப்பினர் குழு) உறுப்பினருக்கும் திட்டத்தைக் கையாளும் அதிகாரிக்கும் எழுதிக் கொடுங்கள். அப்போது தொகைகள் பென்சிலில்தான் இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: கடிதம் எழுத லீவு போட வேண்டாம்.

சரி, என்ன எழுதுவது? 'வரி வேண்டும்', 'வேண்டாம்' என்பதோடு நிறுத்தாதீர்கள். வரைவில் செலவுப் பட்டியலைத் தேடி எடுங்கள். பேருந்து வாங்குவது ஒருமுறைச் செலவு. ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், பழுதுபார்ப்பு எல்லாம் ஆண்டுதோறும் வரும் செலவு. கடன் வாங்கிப் பேருந்துகளை வாங்கிவிட்டு, ஓட்ட ஆளில்லாமல் டிப்போவில் நிறுத்தி வைத்தால் யாருக்கு லாபம்? அதனால் புதிய வரியில் எத்தனை பங்கு தினசரிச் சேவைக்குப் போகும் என்று கேளுங்கள். அடுத்து, இந்தப் பணம் இப்போதுள்ள ஒதுக்கீட்டுக்கு மேல் கூடுதலாக வருமா, அல்லது இது வந்ததும் பழைய ஒதுக்கீட்டை வேறு செலவுக்குத் திருப்பிவிடுவார்களா? பெரும்பாலோர் கேட்க மறப்பது இதைத்தான். எந்த ஆண்டோடு வரி முடிகிறது என்பதையும் விடாதீர்கள்.

அமெரிக்காவில் 2014 ஏப்ரலில், சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் சாலைக்கும் பேருந்துக்குமான வரித் திட்டம் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் சியாட்டில் நகரம் மட்டும் தனியாக ஒன்றை முன்வைத்தது. வாகனத்துக்கு ஆண்டுக்கு 60 டாலர், கூடுதல் விற்பனை வரியாக 0.1 சதவீதம், ஆறே ஆண்டுகள், பணம் முக்கியமாகப் பேருந்துச் சேவைக்கு. அது வென்றது. வாக்களித்த எல்லையும் மாறியது, உண்மைதான். ஆனால் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று தெரிந்தால் மக்கள் வரிக்கும் ஒப்புக்கொள்வார்கள் என்றே இதை நான் பார்க்கிறேன்.

கடிதத்துக்குக் கனம் தருவது நீங்களே எடுத்த கணக்கு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஐந்து நாட்கள், மாலை ஒன்றரை மணி நேரம், முறைவைத்து ஒரே நிறுத்தத்தில் நில்லுங்கள். நோட்டில் மூன்று பத்தி போதும்: அட்டவணைப்படி வர வேண்டிய நேரம், வந்த நேரம், இடமில்லாமல் ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர். 'பேருந்து சரியாக வருவதில்லை' என்ற புகாரை அதிகாரி தினமும் கேட்கிறார். '6.40 வண்டி ஐந்து நாளில் மூன்று நாள் வரவில்லை, அடுத்த வண்டியில் ஒவ்வொரு முறையும் பத்துப் பேருக்கு மேல் ஏற முடியவில்லை' என்று எழுதினால், அவர் தன் பதிவேட்டை எடுத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கூட்டத்துக்கும் போங்கள். மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் அடைக்காமல் ஆளுக்கு ஒரு விஷயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோரிக்கை முதல் வாக்கியத்திலேயே வரட்டும், காரணம் அப்புறம். வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரை இழுக்காமல், குடியிருப்பவராகப் பேசுங்கள்.

எதிர்ப்பு பலமாக இருந்தால் சோதனை ஓட்டம் கேட்கலாம். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணத்துக்கு, அதாவது நெரிசலைக் குறைக்க நகருக்குள் வந்துபோகும் வாகனங்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு, முதலில் கடும் எதிர்ப்பு இருந்தது. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதித்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. செப்டம்பர் வாக்கெடுப்பில் நகரத்தார் ஏற்றுக்கொண்டார்கள், 2007-இல் நிரந்தரமானது.

உங்கள் ஊரிலும் வாக்கெடுப்பு உண்டென்றால் ஒவ்வொரு ஓட்டும் கணக்கு. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2012-இல் போக்குவரத்து வரியை நீட்டிக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. கிடைத்தது 66.1 சதவீதம். அரை சதவீதத்துக்கும் சற்றே கூடுதலான இடைவெளியில் போய்விட்டது. வீடு மாறிய நண்பர்கள் வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றிவிட்டார்களா என்று இப்போதே கேளுங்கள்.

நாளைக்கே உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்: 'வரைவு எந்தத் தேதியில் நிலைக்குழுவுக்குப் போகிறது?' அந்தத் தேதி தெரிந்ததும், நிறுத்தத்தில் நிற்க வேண்டிய அந்த ஐந்து நாட்களை அதற்கு முன்னால் குறித்துக்கொள்ளலாம்.